ஜிம்னிக்கு சஸ்பென்ஷன் தேர்ந்தெடுத்தது: எடை முதலில், உயரம் கடைசியில்

ஆஃப்ரோடு வண்டிக்கு சஸ்பென்ஷன் மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் லிஃப்ட்?", அதாவது வண்டி எவ்வளவு உயரும், என்பதுதான். கிட் விற்பவர்களும் பெட்டியில் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். என்னுடைய ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னிக்கு ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தேடி, வாங்கி, நானே மாட்டி, பலவிதப் பாதைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். உயரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். வண்டி எவ்வளவு எடை சுமக்கிறது, அந்த எடைக்கு எந்த ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் என்று வரிசையாகப் போனால், உயரம் என்ற எண் கடைசியில் தானாகவே வந்து நிற்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில்தான், அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு. தரைக்கு மிக அருகில் தொங்குவது அதிலிருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸில் ஸ்பிரிங்கை மாற்றி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்ட முடியாது, ஏனென்றால் ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதை உயர்த்த டயர்தான் வழி. ஒரிஜினல் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஆகும், ஆக்சில் 20 மி.மீ. உயரும். ஸ்பிரிங் லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸையும் பாடியையும். மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் போவதற்கும், பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் இருப்பதற்கும் அது உதவும். ஐந்து கதவு வண்டியின் வீல்பேஸ் 2590 மி.மீ.; மூன்று கதவுக்கு 2250 தான். அதனால் நடுவயிறு தட்டுவது எங்கள் வண்டிக்கு உண்மையான பிரச்சினை, லிஃப்ட் தேவைதான். ஆனால் எல்லாத் தடைக்கும் லிஃப்ட் மருந்து ஆகாது.

எடை மேடையில்

லாரிகள் எடை போடும் மேடைக்குப் போய் முதலில் முழு வண்டியையும் நிறுத்தி எடை எடுத்தேன். அப்புறம் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். அந்த மேடை 5 கிலோ படியாகத்தான் காட்டும். நமக்கு அது போதும். டேங்க் நிறைய பெட்ரோல், நான் மட்டும் உள்ளே, முன்னால் ஏற்கெனவே மாட்டியிருந்த இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கேபிளால் இழுக்கும் கருவி) சேர்த்து: முன் ஆக்சில் 765, பின் ஆக்சில் 570. பயணத்துக்குப் போகும்போது ஏற்றும் தண்ணீர், கருவிப்பெட்டி, கூடாரம், கூட வருபவர் எல்லாம் ஏற்றி மறுபடி நிறுத்தியபோது: முன் 805, பின் 720. மொத்தம் 1525.

இந்த நான்கு எண்களிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 65 கிலோ என்றாலும், அவை முன் ஆக்சிலுக்கு முன்னால் தொங்குவதால் முன் ஆக்சிலில் கிட்டத்தட்ட 80 கிலோ ஏறுகிறது. பின் ஆக்சிலிலிருந்து 15 கிலோ போல இறங்கிவிடுகிறது. இன்னொன்று, முன்பக்கம் சுமை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் 40 கிலோதான் வித்தியாசம். பின்பக்கம் 150 கிலோ. அதாவது முன் ஸ்பிரிங்குக்கு நிலையான வேலை, பின் ஸ்பிரிங்குக்கு மாறிக்கொண்டே இருக்கும் வேலை. இரண்டையும் ஒரே அளவுகோலில் தேர்ந்தெடுக்கவே முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. நான் அதற்கு 20 கிலோ கீழே நிற்கிறேன். கனமான ஸ்பிரிங் போட்டுவிட்டால் கூடுதல் எடை ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் தாங்கும்; வீல் பேரிங், ஆக்சில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையவைதான். வண்டியின் பின்பக்கம் தொய்யாமல் நிமிர்ந்து நிற்பதால் எடை அதிகமாகிவிட்டது கண்ணுக்குத் தெரியாமல் போவது இன்னும் ஆபத்து. என் கூரைமேல் கேரியர் வைக்கும் எண்ணத்தை எடை மேடைச் சீட்டைப் பார்த்த அன்றே விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங்: வீட்டிலேயே அளக்கலாம்

ஸ்பிரிங்கின் விறைப்பை, ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கில் சொல்வார்கள். பழைய ஸ்பிரிங்கின் எண் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், அளந்துவிடலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்து குழப்பும். மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும். நான் எடை மேடையில் ஏற்றிய அதே சுமையை ஏற்றி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, கையால் அமுக்கி ஆட்டிவிட்டு மறுபடி அளந்தேன். 35 மி.மீ. இறங்கியிருந்தது. பின் ஆக்சிலில் கூடியது 150 கிலோ, ஆளுக்குப் பாதியாக ஒரு ஸ்பிரிங்குக்கு 75. 75-ஐ 35-ஆல் வகுத்தால் 2.1. ஒரு மி.மீ.க்கு 2.1 கிலோ. பின்பக்கம் ஒரிஜினல் ஸ்பிரிங்கின் விறைப்பு இதுதான்.

அடுத்து, அந்த ஸ்பிரிங் உண்மையில் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆக்சில், சக்கரங்கள், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. பின்பக்கம் அதற்குச் சுமார் 130 கிலோ கழித்தேன். வெறும் வண்டியில் ஒரு ஸ்பிரிங்மேல் 220 கிலோ, சுமையோடு 295 கிலோ.

இனி வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம். ஸ்பிரிங் எடையால் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் ஒரு வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைத்துவிடும். ஒரிஜினல் ஸ்பிரிங்கில் வெறும் வண்டி 10.5 செ.மீ. அமுங்கி நிற்கிறது, ஆட்டம் 1.54 ஹெர்ட்ஸ். சுமை ஏற்றினால் 1.33-க்கு இறங்குகிறது. சுமையோடு போகும்போது பின்பக்கம் மிதப்பது போலவும், பள்ளத்தில் டம் என்று பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் மேலே வரும் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) மோதுவதும் ஏன் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

எனக்குக் கிடைத்த மாற்று ஸ்பிரிங்குகள் இரண்டு. ஒன்று நடுத்தரம், 2.6. இன்னொன்று கனரகம், 3.4. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. கம்பி கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, 12 மி.மீ. கம்பியை 13 ஆக்கினால் விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்து ஸ்பிரிங் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

3.4 ஸ்பிரிங் போட்டால் வெறும் வண்டி 1.97 ஹெர்ட்ஸில் ஆடும், சுமையோடு 1.70. இது லாரித்தனமான குலுக்கல். 2.6 போட்டால் வெறும் வண்டி 1.72, சுமையோடு 1.48. அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள்: ஒரிஜினல் ஸ்பிரிங்கில் வெறும் வண்டி இருந்த 1.54-க்கு மிக அருகில் வருகிறது. கம்பெனிக்காரர்கள் வெறும் வண்டிக்கு யோசித்து வைத்த அதே நடையை, என் சுமையோடு திரும்பப் பெறுகிறேன். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பாறைமேல் ஒரு சக்கரம் ஏறும்போது எதிர்ச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ளுவது, ஸ்பிரிங்கில் அமுங்கி நிற்கும் அந்த நீளம்தான். 2.1 ஸ்பிரிங்கில் 105 மி.மீ. இறங்கும்வரை தள்ளும். 2.6-இல் 85. 3.4-இல் 65 மட்டுமே. அதற்கப்புறம் ஸ்பிரிங் தளர்ந்து தன் இருப்பிடத்தில் சும்மா கிடக்கும், சக்கரம் வெறுமனே தன் எடையில் தொங்கும், பிடிப்பு இருக்காது. ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக வாங்கினாலும், லிஃப்ட் எத்தனை இன்ச் ஆனாலும், இந்த எண் மாறாது. எடையை விறைப்பால் வகுத்ததுதான் அது. உயரமான வண்டிகள் சில கரடுமுரடான இடத்தில் மூன்று காலில் நின்று சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வகுத்தல்தான் நினைவுக்கு வரும்.

முன்பக்கத்துக்கு இவ்வளவு யோசிக்கவில்லை. பம்பர், வின்ச் எடைக்கென்று போட்ட, ஒரே சீரான விறைப்புள்ள ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டேன். சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங், பின்பக்கத்தில் சுமை மிக அதிகமாக ஏறி இறங்குபவர்களுக்குப் பொருந்தும். என் சுமை வித்தியாசத்துக்கு அது அவசியப்படவில்லை. அதோடு ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங்குக்கு ஷாக்கைச் சரியாகப் பொருத்துவது கஷ்டம், ஏனென்றால் விறைப்பு இடத்துக்கு இடம் மாறும்போது ஷாக் எதற்கு ஈடுகொடுக்கும்?

ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான வழி அதுதான். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டே 40 மி.மீ. ஸ்பேசர் போட்டால், நிற்கும் நிலையிலேயே ஷாக் 40 மி.மீ. நீண்டுவிடும். சக்கரம் கீழே இறங்க மீதமிருந்த தூரத்தில் 40 மி.மீ. போயிற்று. உயரம் கிடைத்தது, ஆனால் சக்கரம் தரையைத் தேடி இறங்குவது குறைந்தது. வேகத்தடையைத் தாண்டும்போது ஷாக் முழுதாக நீண்டு டக் என்று இழுக்கும் சத்தமும் வரும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஷாக்: நீளம், அப்புறம் பலம்

எடையும் விறைப்பும் கூடினால் ஆட்டத்தை அடக்கும் பலமும் கூட வேண்டும். அந்தப் பலம், விறைப்பையும் எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவில் கூடும். பின்பக்கம் 2.1-க்கு 220 என்று இருந்தது 2.6-க்கு 295 என்று ஆகும்போது சுமார் 30 சதவீதம் கூடுதல் பலம் தேவை. பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங் மட்டும் போட்டால் வண்டி துள்ளும். குறிப்பாக, அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப நீளும்போது அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் நீளும் திசைப் பலம்தான். விறைத்த ஸ்பிரிங் அங்கேதான் பழைய ஷாக்கை மீறும். ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் ஒருவரே சேர்த்து வடிவமைத்த கிட்டாக வாங்குவதில் இருக்கும் உண்மையான பயன் இதுதான். ஆனால் கிட்டிலும் எந்த எடைக்கான ஸ்பிரிங், அதே ஷாக்கா, வேறா என்று கேட்டே வாங்க வேண்டும். மூன்று விதமான ஸ்பிரிங்குக்கும் ஒரே ஷாக் கொடுப்பவர்கள் உண்டு.

வாங்குவதற்கு முன்பே ஷாக்கின் நீளத்தை அளந்துகொண்டேன். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, ஷாக்கையும் எடுத்துவிட்டு, ஆக்சிலை மட்டும் ஜாக்கியால் மேலே தூக்கினேன். பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும்வரை தூக்கி, ஷாக்கின் மேல் போல்ட் துளைக்கும் கீழ் போல்ட் துளைக்கும் இடையே அளந்தால் 330 மி.மீ. அப்புறம் ஆக்சிலை மெல்ல இறக்கினேன். பிரேக் ஹோஸ் விறைப்பதற்கு முன், ஏபிஎஸ் வயரில் இன்னும் தளர்வு இருக்கும்போது நிறுத்தி அளந்தால் 540. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, மறுபக்கத்தை இறக்கி, ஆக்சிலைச் சாய்த்தும் பார்த்தேன். ஹோஸ் முதலில் இறுகுவது அப்போதுதான். அதனால் எனக்கு வேண்டிய ஷாக், மூடிய நிலையில் 320-க்கு மேல் போகக் கூடாது, நீண்ட நிலையில் 540-ஐத் தாண்டக் கூடாது. பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன் ஷாக் முட்டிவிட்டால், வண்டியின் முழு அடியும் ஷாக்கின் உள்ளே இருக்கும் பிஸ்டன்மேல் விழும். சில நாளில் எண்ணெய் கசியத் தொடங்கும். புது ஷாக் ஏன் சீக்கிரம் போயிற்று என்று புலம்புபவர்கள் இந்த ஒரு அளவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த அளவு கையில் இருந்ததால் ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா என்ற விவாதமும் சுருங்கிவிட்டது. ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய். வெளிக்குழாய் அடிபட்டுக் கொஞ்சம் நசுங்கினாலும் வேலை நடக்கும், அதே நீளத்தில் கூடுதல் ஓட்டமும் (தண்டு உள்ளே வெளியே போகும் தூரம்) கிடைக்கும். ஆனால் சூடு வெளியேறத் தாமதமாகும், எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்தால் பலம் விட்டுப்போகும். மோனோ ட்யூபில் பிஸ்டன் ஓடும் குழாயே வெளியில் காற்றைத் தொடுகிறது. நைட்ரஜன் தனி அறையில், நடுவே மிதக்கும் தடுப்பு. 1957-லேயே பில்ஸ்டைன் மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்த முறைதான் இது. சூட்டைத் தாங்கும், ஆனால் அந்த வாயு அறைக்கும் இடம் வேண்டியிருப்பதால் அதே மூடிய நீளத்தில் ஓட்டம் குறையும். கல் பட்டுக் குழாய் பள்ளமானால் பிஸ்டன் அங்கேயே சிக்கும்.

நான் வண்டி ஓட்டுவதில் பெரும்பகுதி, அலை அலையாக வரிவிழுந்த மண் பாதையில் மணிக்கணக்காகப் போவது. ஷாக் கொல்லப்படுவது அங்கேதான். ஒவ்வொரு வரியிலும் அது சின்ன அசைவை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஓட்டம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று மோனோ ட்யூபை எடுத்தேன்: மூடினால் 318, நீண்டால் 522. மெதுவாகப் பாறை ஏறுவதே முக்கிய வேலை என்பவருக்கு நான் ட்வின் ட்யூபைத்தான் சொல்வேன். வெளியில் தனி டப்பா தொங்கும் ரிசர்வாயர் வகை அழகாக இருக்கிறது, இந்த எடையுள்ள வண்டிக்கு, இந்த வேகத்துக்கு அது தேவையில்லை.

மாட்டும்போது

வேலையின் வரிசை சிக்கலானதல்ல. சக்கரங்களைக் கழற்று, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி, ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் பாரின் இணைப்பு), ஹோஸ், வயர் கிளிப்புகளை விடுவி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடு, ஆக்சிலை இறக்கு, ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். சாலிட் ஆக்சிலில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஆபத்தான கருவிக்கு வேலை இல்லை. ஆக்சிலின் எடை ஒரு நொடிகூடப் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கம்பி முனை, கீழே அது உட்காரும் கிண்ணத்தின் படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். அரை இன்ச் விலகியிருந்தாலும் உயரம் இடம் வலம் மாறிவிடும்.

நிறையப் பேர் தாண்டிப் போகும் இடம் புஷ்கள். ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்ம், டிரெயிலிங் ஆர்ம், பேனாட் ராட் எல்லாவற்றின் முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு உறைந்துவிடும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டைத் தொடாமல் வண்டியை 40 மி.மீ. தூக்கினால், ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். அது தானே ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல வேலை செய்து நடையைக் கெடுக்கும், கடைசியில் கிழியும். பின் டிரெயிலிங் ஆர்மின் புஷ் ஒன்றில், உள் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக் குழாய் வரை வெள்ளை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டு வைத்தேன். ஸ்பிரிங் மாற்றி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கியபோது அந்தக் கோடு நடுவில் உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றது. போல்ட்டைத் தளர்த்தினேன். டப் என்று ஒரு சத்தம், உள் குழாய் திரும்பிக் கோடு மறுபடி நேரானது. அந்த நிலையில்தான் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் கம்பெனி அளவுக்கு இறுக்கினேன்.

உயரம் அளந்தால் பின்பக்கம் 50 மி.மீ., முன்பக்கம் 45. ஸ்பிரிங் பெட்டியில் இருந்தது 40. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? மோனோ ட்யூபின் வாயு அழுத்தத்திலிருந்து. 14 மி.மீ. தண்டை 20 பார் அழுத்தம் வெளியே தள்ளினால் அது 30 கிலோவுக்குச் சற்று மேல். பழைய ஷாக்கில் 5 கிலோ போலத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு மூலையிலும் 26 கிலோவை ஷாக்கே சுமக்கிறது, 2.6 ஸ்பிரிங்கில் அது சரியாக 10 மி.மீ. பயணச் சுமை ஏற்றியதும் பின்பக்கம் 29 மி.மீ. இறங்கி, ஒரிஜினல் வெறும் வண்டியைவிட 21 மி.மீ. உயரத்தில் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. எனக்கு வேண்டியிருந்த லிஃப்ட் அதுதான்.

தூக்கியதற்குக் கொடுக்கும் விலை

முன் ரேடியஸ் ஆர்மின் ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை பின்னால் சேஸிஸில். சேஸிஸ் உயர்ந்தால் ஆர்ம் சாயும், ஆக்சிலும் கூடவே சுழலும். ஆர்ம் 800 மி.மீ. நீளம் என்றால் 45 மி.மீ. உயர்வுக்கு 3.2 டிகிரி. அந்த அளவும் நேராகக் காஸ்டர் கோணத்திலிருந்து, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்விலிருந்து, கழிகிறது. அலைன்மென்ட் மெஷினில் என் வண்டிக்கும் 3 டிகிரிக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகும், திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். நடுத்துளை தள்ளி அமைந்த காஸ்டர் புஷ்களை ஆக்சில் பக்கத்தில் மாட்டி அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். பாலியூரிதேன் புஷ் மாட்டுவது எளிது. நான் ரப்பரையே தேடி வாங்கினேன், காரணம் ரேடியஸ் ஆர்ம் உள்ள முன் ஆக்சில் சாய வேண்டுமானால் அந்தப் புஷ் வளைந்துகொடுத்தே ஆக வேண்டும். புஷ் விறைத்தால் ஆக்சிலும் விறைக்கும்.

ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேனாட் ராட் வட்டப் பாதையில் ஆடுவதால், தூக்கும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். 900 மி.மீ. நீளமுள்ள ராடின் ஒரு முனை மறுமுனையைவிட 60 மி.மீ. உயரத்தில் இருந்தால், 45 மி.மீ. லிஃப்டுக்கு 4 மி.மீ. நகர்வு, 75 மி.மீ. லிஃப்டுக்கு 8. நான்கு மில்லிமீட்டரை அப்படியே விட்டுவிட்டேன். 75-க்குப் போனால் நீளம் மாற்றக்கூடிய ராட், நீளமான பிரேக் ஹோஸ், பம்ப் ஸ்டாப் நீட்சி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். ஜிம்னிக்கு 40-50 மி.மீ. என்ற எல்லையை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்: அதற்குள் காஸ்டர் புஷ்ஷும் ஹெட்லைட் சரிசெய்தலும் போதும். ஹெட்லைட்டை மறந்துவிடாதீர்கள், எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும்.

சாய்வுச் சரிவில் உருளும் அபாயமும் கூடுகிறது. எடை மையம் 700 மி.மீ. உயரம், சக்கர அகலம் 1400 என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி கவிழும் கோணம் 45 டிகிரி. 45 மி.மீ. தூக்கும்போது ஆக்சில்கள் கீழேயே இருப்பதால் மையம் 36 மி.மீ. போல உயரும், கோணம் 43.6 ஆகும். ஓடும் வண்டி அந்தக் கோணத்துக்கு வெகு முன்பே கவிழும், ஆகவே அந்த ஒன்றரை டிகிரி சின்னதல்ல. அதோடு உயர மாற்றத்துக்கு ஊருக்கு ஊர் விதிமுறை வேறு. பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

ஓட்டிப் பார்த்தது

முதலில் டயர் காற்று. மண் பாதையில் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்காமல் சஸ்பென்ஷனைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. சிறு கற்களின் அதிர்வை வாங்குவது டயர்தான், ஸ்பிரிங் அல்ல.

ஷாக் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்காமல் மாட்டிவிட்டேன். ஓடும்போது ஷாக் அதை மேலே தள்ளிவிடும். வண்டி நின்றபின் அது இருக்கும் இடம், அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டும். முழுச் சுமையோடு மோசமான பள்ளப் பாதையை முடித்துப் பார்த்தபோது, பின்பக்கம் மூடுவதற்கு இன்னும் 20 மி.மீ. மிச்சம் இருந்தது. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருக்கிறது, ஷாக் முட்டவில்லை. வாங்கும் முன் அளந்த 330-க்கு அங்கே பதில் கிடைத்தது.

வரிப்பாதையில் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே இறங்கி, இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஷாக் குழாய்மேல் காட்டிப் பார்ப்பேன். பின் இரண்டும் 68, 66 டிகிரி. முன் இரண்டும் 58, 59. இடமும் வலமும் நெருக்கமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் சந்தோஷப்படக் கூடாது: அது வேலை செய்யவில்லை என்று பொருள். வெப்பமானி இல்லாதவர்கள் கையைக் கிட்டக் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும், தொட வேண்டாம்.

சுமையோடு ஓட்டம் நான் கணக்குப் போட்டபடியே இருக்கிறது. பின்பக்கம் மிதப்பதில்லை, ஒரு துள்ளலில் அடங்கிவிடுகிறது. வெறும் வண்டியில் மெதுவான வேகத்தில் பழையதைவிடக் கெட்டி; 1.72 என்ற எண் அதை முன்பே சொல்லியிருந்தது, அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் ஒரிஜினல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, அதே நீளத்தில் நல்ல ஷாக்கை மட்டும் மாற்றினாலே பாதி ஆசை நிறைவேறிவிடும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்த்தேன். பேனாட் ராடின் சேஸிஸ் பக்கப் போல்ட் மட்டும் கால் சுற்று வாங்கியது. ஸ்பிரிங்குகள் 4 மி.மீ. உட்கார்ந்துவிட்டன, அதனால் ஹெட்லைட்டை இன்னொரு முறை சரிசெய்தேன். அடுத்து முன் ஸ்டெபிலைசர் பாருக்கு, பாறை இடங்களில் கழற்றி விடக்கூடிய லிங்க் போட உத்தேசம். அதற்கு முன், லிங்க் கழன்ற நிலையில் முன் ஆக்சில் முழுவதும் சாயும்போது பிரேக் ஹோஸ் எட்டுகிறதா என்று ஸ்பிரிங்கைக் கழற்றி மறுபடி அளக்க வேண்டும்.